புழுதி வாசலில் காலியிடம் இல்லை

எந்த மலைக்கு அப்பாலும் எந்தக் கடலுக்கு நடுவிலும் போய்த் தேட வேண்டாத ஒரு நாடு இருந்தது. ஏழுவாயில் நாடு என்று அதற்குப் பெயர். அங்கேயும் மழை பெய்தது, நெல் விளைந்தது, வரப்புக்காகவும் வார்த்தைக்காகவும் மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளைத் தீர்த்துவைக்கத் தலைநகரின் நடுவில் ஒரு நியாய மன்றம் இருந்தது. மன்றத்துக்கு ஏழு வாசல். நாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

வாசல்தோறும் கையில் கம்புடன் காவலர்கள் நின்றார்கள். நியாயம் கேட்டு வருகிறவர்களில் பலர் இடுப்பில் கத்தியோடுதான் வருவார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அழுகிறவர்களை ஓரமாக உட்கார வைக்க வேண்டும். தோற்றவன் ஜெயித்தவனைப் படியிலேயே வெட்டிவிடாமல் இருவரையும் வேறு வேறு வாசல் வழியாக அனுப்ப வேண்டும். பெரிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது நடக்காத நாளில்தான் அதன் அருமை தெரியும்.

வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொரு காவலருக்கும் ஒரு கருவேலங் கம்பு கொடுப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முதல் நாளில், கம்பில் ஒரு வெட்டு விழும். தன் கம்பில் தானே வெட்டிக்கொள்ளக் கூடாது. பக்கத்து வாசல்காரர்தான் வெட்டித் தர வேண்டும். இந்த மனிதன் இந்த ஆண்டு முழுவதும் நின்றான் என்று பக்கத்தில் நின்றவருக்குத்தானே தெரியும்.

ஏதாவது ஒரு வாசலில் இடம் காலியானால் முரசறைவார்கள். அந்த இடம் வேண்டும் என்கிறவர்கள் மறுநாள் காலையில் உள்முற்றத்துக் கம்புச் சுவரில் தங்கள் கம்பைச் சாத்தி வைப்பார்கள். மூத்த காவலர் ஒருவர் வந்து கட்டைவிரலால் வெட்டுகளைத் தடவி எண்ணுவார். எந்தக் கம்பில் அதிக வெட்டோ அந்தக் கம்புக்காரருக்கு அந்த வாசல். சிபாரிசும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது.

இதற்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. தன்னைவிட அந்த வாசல் வேறொருவருக்கு அவசியம் என்று நினைக்கிற காவலர், தன் கம்பைச் சுவரில் சாத்தாமல் அதன் முன்னால் தரையில் படுக்க வைப்பார். எனக்கும் ஆசைதான், ஆனால் உனக்காக விட்டுத்தருகிறேன் என்று அதற்குப் பொருள். யாருக்காக விட்டுத்தந்தார்களோ அவர் குனிந்து, கிடக்கும் கம்பின் பக்கத்து மண்ணைத் தொட வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

அரியணையும் அங்கே ஒரு காலியிடம்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதற்கும் அதே சுவரில்தான் கம்பு சாத்த வேண்டும். இப்போதைய மன்னர் முதல்முறை நின்றபோது பதினோரு கம்புகள் சாத்தப்பட்டிருந்தன. விடிந்து பார்த்தபோது பத்துக் கம்புகள் தரையில் கிடந்தன. பத்துப் பேரும் அவருக்காக அன்போடு விட்டுத்தந்துவிட்டதாக முரசறையப்பட்டது. அவருக்கு அப்போது அப்படி என்ன கஷ்டம் இருந்தது என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. அவருடைய கம்பு சந்தன மரத்தில் செய்து பொன் பூண் போட்டது. மூன்று ஆள் அகலம். எந்த வாசலிலும் நில்லாத கம்பு என்பதால் ஒரு வெட்டுகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

அரியணை ஏறியதும் அவர் போட்ட முதல் சட்டம் இது: சுவரில் சாத்திய கம்பை வெட்டு எண்ணுவதற்குத் தவிர, உடையவர் அல்லாத யார் தொட்டாலும் கை துண்டிக்கப்படும். நல்ல சட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான்காம் வாசலுக்குப் புழுதி வாசல் என்று பெயர். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும் வண்டிகள் அதையொட்டித்தான் போகும். அங்கே நின்ற காவலர் வீரபாகு. கம்பில் இருபத்துமூன்று வெட்டுகள். அவற்றில் பதினேழை வெட்டியவள் உமையாள். மூன்றாம் வாசலில் பெண்களைச் சோதித்து அனுப்பும் காவலராக அவள் சேர்ந்த ஆண்டு, பக்கத்து வாசல்காரனுக்கு வெட்டுப் போடக் கத்தியை எடுத்தவள், பழக்கமில்லாமல் கொஞ்சம் ஆழமாகவே வெட்டிவிட்டாள். "இம்மாம் ஆழமா வெட்டுனா நா ரெண்டு வருசம் நின்னதால்ல ஆகும்?" என்று அவன் சிரித்தான். அடுத்த வெட்டு விழுவதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

இருபத்துமூன்று ஆண்டுப் புழுதி வீரபாகுவின் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. பேச்சு நடுவில் நின்று போகும். படியேறினால் சுவரைப் பிடித்துக்கொள்வான். மாசி மாதத்தில் வைத்தியர் அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிறகு உமையாளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு கோடையும் அந்தப் புழுதியில நின்னா இவரு தாங்க மாட்டாரும்மா. எப்பிடியாச்சும் வேற வாசலுக்கு மாத்திரு" என்றார்.

அந்த மாசியிலேயே ஏழாம் வாசலில் இடம் காலியானது. அங்கே நின்றவர் கண் மங்கி வேலையை விட்டு விலகினார். ஏழாம் வாசல் வேப்பமரங்களுக்கு அடியில் இருந்தது. பழைய ஓலைகளைச் சுமந்து வருகிற எழுத்தர்களைத் தவிர அந்தப் பக்கம் வண்டியும் கிடையாது, வம்பும் கிடையாது. காவலர் எல்லோருக்கும் அந்த நிழல்மேல் ஒரு கண்.

முரசறைந்த மறுநாள் காலை வீரபாகு தன் கம்பைச் சுவரில் சாத்தினான். பின்னால் வந்த காத்தமுத்து அவனைவிட மூத்தவர், இருபத்தாறு வெட்டுக்காரர். அவர் தன் கம்பைத் தரையில் படுக்க வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள்.

வீரபாகு காத்தமுத்துவின் பக்கம் திரும்பினான். "அண்ணே, ஒங்களுக்கும் முட்டி வலின்னு..." என்று இழுத்தான்.

"முட்டி வலிச்சா நொண்டிக்கிட்டு நிப்பேன். மூச்சு நின்னா எப்பிடிடா நிப்ப? மண்ணத் தொடு, நேரமாவுது" என்றார் காத்தமுத்து. "நெழல்ல நின்னு கொழுத்துப் போயிராத. உமையா எங்கள வையும்."

வீரபாகு ஆறு இடத்தில் குனிந்து மண்ணைத் தொட்டான். ஆறாவது முறை நிமிர உமையாள் கை கொடுத்தாள்.

மற்ற ஆண்டாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆண்டு மன்னர் நியமனங்களைச் சீர்திருத்த ஒரு புதிய அலுவலகம் ஏற்படுத்தியிருந்தார். அதன் தலைவர் அறவாழி. எதையும் இரண்டு முறை படித்து மூன்று முறை நிராகரிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். அன்றைக்கு அவரே எழுத்தர் ஒருவருடன் முற்றத்துக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எத்தனை கம்புகள் சாத்தப்பட்டுள்ளன?"

"ஒண்ணுங்க" என்றார் காத்தமுத்து.

"கீழே கிடப்பவை?"

"அது நாங்க விட்டுக்கொடுத்ததுங்க. தம்பிக்கு நெஞ்சுல..."

"விட்டுக்கொடுத்தல் என்று ஒரு சொல் விதிகளில் இல்லை" என்றார் அறவாழி. குரலில் கோபமே இல்லை. "ஓரிடத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. அப்படியானால் போட்டி நடக்கவில்லை. போட்டி நடக்காத இடத்தில் தேர்வு எப்படி நடக்கும்? இந்தத் தேர்வு செல்லாது. எழுதிக்கொள்."

எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"ஐயா, அவரு ரொம்ப முடியாதவருங்க" என்றாள் உமையாள்.

"முடியாதவர் என்பதும் பரிசீலிக்கப்படும்" என்றார் அறவாழி.

அன்று வீரபாகுவின் வீட்டில் காத்தமுத்துவோடு மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். மறுபடி முரசறைவார்கள். அப்போது குறைந்தது இரண்டு கம்பாவது நிற்க வேண்டும். ஆனால் இரண்டாவது கம்பில் வீரபாகுவைவிட வெட்டு குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குக் கிடைக்காது.

"நான் சாத்துனா எனக்குத்தான் விழும்" என்றார் காத்தமுத்து. "என்கூடக் கம்பப் படுக்க வச்ச இருளாண்டிக்கு இருபத்துநாலு. அவனும் ஆவ மாட்டான்."

"எனக்குப் பதினேழுதானே" என்றாள் உமையாள். "என் கம்ப வைக்கிறேன். போட்டிதானே வேணும் அவருக்கு? பாத்துக்கட்டும்."

வீரபாகு இருமிக்கொண்டே சிரித்தான். "பொண்டாட்டியே போட்டிக்கு நிக்கிறா. ஊரு என்னண்ணே சொல்லும்?"

"ஜெயிச்சுட்டு வந்து பேசுங்க" என்றாள் அவள்.

பங்குனியில் மறுபடி முரசறைந்தார்கள். இரண்டு கம்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காத்தமுத்து கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு எண்ணத் தயாராக இருந்தார். அறவாழி கையமர்த்திவிட்டு ஒரு புதிய ஆணையைப் படித்தார். மன்னரின் ஆழ்ந்த சிந்தனையில் உதித்தது என்று அது தொடங்கியது.

"இதுவரை வெட்டு அதிகமுள்ள கம்புக்கு முன்னுரிமை தரப்பட்டு வந்திருக்கிறது. வெட்டு என்பது என்ன? மரத்துக்கு ஏற்பட்ட சேதம். இருபத்துமூன்று இடங்களில் சேதமடைந்த ஒரு கம்பை நம்பி மன்றத்தின் வாசலை ஒப்படைப்பது பொறுப்பான செயலாகுமா? ஆகாது. எனவே இன்று முதல் வெட்டு குறைந்த கம்பே தகுதியான கம்பு. வெட்டே இல்லாத கம்பு எல்லாவற்றிலும் உயர்ந்தது."

அப்படி ஒரு கம்பு அந்த நாட்டில் யாரிடம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஏழாம் வாசல் உமையாளுக்கு வழங்கப்படுகிறது."

"ஐயா, எனக்கு வேண்டாங்க. நான் சும்மா... அவருக்காகத்தான் வச்சேன்."

அறவாழி ஓலையின் அடுத்த பத்தியைப் படித்தார். "வழங்கிய இடத்தை மறுப்பவரும், அவர் குடும்பத்தைச் சேர்ந்தவரும், மூன்றாண்டு காலம் எந்தக் காலியிடத்துக்கும் கம்பு சாத்தத் தடை செய்யப்படுவர்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நிழலான இடம். மகிழ்ச்சியாக இருங்கள்" என்றார். அவர் மனதார வாழ்த்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுத்தால் வீரபாகுவுக்கு மூன்று ஆண்டுக்கு எந்த வாசலும் கிடைக்காது. ஏற்றுக்கொண்டால் அடுத்த காலியிடத்துக்கு அவன் முயலலாம். உமையாள் ஏற்றுக்கொண்டாள். அவள் செய்த கணக்கில் தவறு இல்லை. அந்த நாட்டில் சரியான கணக்குப் போட்டதுதான் அவள் செய்த தவறு.

மூன்றாம் வாசலில் பெண்களைச் சோதிக்க வேறொரு பெண் வர, அந்தக் கோடையில் உமையாள் வேப்ப வாசலில் நின்றாள். மேலே பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். தலையிலும் தோளிலும் விழும் பூவை அவள் தட்டிவிடுவதுகூட இல்லை. மன்றத்தின் மறுகோடியில் வெள்ளைப் புழுதி எழும்போதெல்லாம் அவளுக்கு இங்கே மூச்சு முட்டியது. காலையில் ஈரத் துணியை மடித்துக் கொடுத்து அனுப்புவாள். மாலையில் அது களிமண்ணாகத் திரும்பி வரும்.

"நெழல் எப்பிடியிருக்கு மகாராணி?" என்று வீரபாகு கேட்பான். கேலி செய்தால் அவள் அழ மாட்டாள் என்று அவனுக்கு நம்பிக்கை.

"நெழல்னா நெழல்தான். கசக்குது" என்பாள்.

ஒருநாள் மதியம் இருவரும் வாசலை மாற்றிக்கொண்டு நின்று பார்த்தார்கள். அரை நாழிகைதான். வேப்பங்காற்றில் அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டதாக ஓலை சுமந்து வந்த எழுத்தர் ஒருவர் சொன்னார். அதை அறவாழியிடமும் அவரே சொன்னார். மறுநாள் ஆணை வந்தது: தனக்கு வழங்கப்பட்ட வாசலை விட்டு எந்தக் காவலரும், எக்காரணம் கொண்டும், பணி நேரத்தில் நகரக் கூடாது.

சித்திரை முதல் நாள் வந்தது. இப்போது உமையாள் அவனுக்குப் பக்கத்து வாசல்காரி இல்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் அவளே கத்தியை எடுத்தாள். அவன் கம்பைப் பிடித்துக்கொண்டான். வெட்டும்போது இருமல் வந்து கம்பு ஆடியது. இருபத்துநாலாவது வெட்டு கோணலாக விழுந்தது.

"கோணிப்போச்சே" என்றாள்.

"இருக்கட்டும். அடுத்த வருசம் நேரா வெட்டு" என்றான்.

ஐந்தாம் வாசல் காவலர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு முரசறையவில்லை. மாறாக ஓர் அறிவிப்பு வந்தது. அண்டை நாடுகளில் எல்லாம் காலியிடங்கள் மலிந்து கிடக்க, நம் நாடு நூறு நாளில் காலியிடமே இல்லாத நாடாகும் என்று மன்னர் சூளுரைத்திருக்கிறார். அதற்கு அறவாழி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் அங்கே நிற்கும் காவலரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். காவலர் போனாலும் பலகையைக் கழற்றுவதில்லை. பலகையில் பெயர் இருக்கும்வரை இடம் காலியில்லை. மன்றத்தில் மட்டுமல்ல, மதகுக் காவல், களஞ்சியக் காவல், கலங்கரை விளக்கு என்று நாடு முழுவதும் பலகைகள் ஏறின. நூறாவது நாளுக்கு முன்பே கணக்கு நேரானது. விழா எடுத்தார்கள்.

ஐந்தாம் வாசலில் பலகை நின்றது. கத்தியை வாங்கி வைக்கப் பலகைக்குக் கை இல்லாததால் அந்த வாசலையும் வீரபாகுவே பார்த்துக்கொண்டான். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓடினான். ஓட முடியாதபோது நடந்தான்.

வைகாசியில் ஒரு வழக்கு நாள். உச்சி வெயில். வேப்ப வாசலில் நின்ற உமையாளிடம் ஒரு கிழவர், "நாலாம் வாசல்ல காவக்காரரு ஒக்காந்துக்கிட்டே தூங்குறாரும்மா. கத்தியக் குடுத்தா வாங்க மாட்டேங்குறாரு" என்று குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலை விட்டு நகரக் கூடாது என்ற ஆணை அவள் நினைவுக்கு வந்தது. அதை நினைத்துக்கொண்டு அவள் நின்ற நேரம் பத்து மூச்சுகூட இருக்காது. அதற்குப் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் அந்தப் பத்து மூச்சை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு ஓடினாள்.

வீரபாகு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கம்பு கைக்குள் நிமிர்ந்தே நின்றது. ஈரத் துணி மூக்கின்மேல் காய்ந்து இறுகியிருந்தது. இமையிலும் மீசையிலும் சுண்ணாம்புத் தூள். அவனைத் தாண்டி மனிதர்கள் கத்தியோடு உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள்.

சடங்குகள் முடிந்தபின் அவள் அறவாழியின் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு தவறிட்டாருங்க. பேரை எடுத்துட்டு அந்த வாசலுக்கு வேற ஆளப் போடுங்க. யாராவது நல்லா மூச்சு உள்ளவங்களா."

அறவாழி பதிவேட்டைப் புரட்டினார். "புழுதி வாசலில் காலியிடம் இல்லை. காவலர் வீரபாகு பணியில் இருக்கிறார்."

"எரிச்சுட்டு வந்திருக்கேங்க."

"அது உங்கள் குடும்ப விஷயம். அதற்கு என் அனுதாபங்கள். பதிவேட்டின்படி அவர் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. புகார் சொல்லவில்லை. இப்படிப்பட்ட காவலர்கள் கிடைப்பது அரிது." பதிவேட்டை மூடினார். "பெயரை எடுத்தால் ஓரிடம் காலியாகும். ஓரிடம் காலியானால் மன்னரின் வாக்கு பொய்யாகும். மன்னரைப் பொய்யராக்கவா நீங்கள் வந்தீர்கள்?"

அந்த மாதமே புழுதி வாசல் வழியாகக் கத்தியோடு உள்ளே போன ஒருவன், மன்றப் படியில் வைத்து ஒரு சாட்சியைக் குத்தினான். விசாரணை நடந்தது. சம்பவ நேரத்தில் வாசலில் பணியில் இருந்த காவலர் வீரபாகு கவனக்குறைவாக இருந்தது தெரிய வந்தது. கம்புடன் நேரில் வந்து விளக்கம் தரும்படி அவருக்கு ஓலை அனுப்பினார்கள். ஓலை உமையாள் கைக்கு வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பரணில் துணி சுற்றி வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அறவாழியின் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "காவலர் எங்கே?"

"கம்பு வந்திருக்குங்க."

எழுத்தர் உள்ளே போய்க் கேட்டு வந்தார். காவலர் வரவில்லை என்று எழுதினால் ஏன் வரவில்லை என்று எழுத வேண்டும். அதனால், "கம்பு வந்தால் ஆள் வந்ததாகத்தான் பொருள். சுவரில் சாத்திவிட்டுப் போங்கள். அழைக்கும்போது விளக்கம் கேட்டுக்கொள்ளப்படும்" என்றார்.

உமையாள் கம்புச் சுவரின் ஓரத்தில் அதைச் சாத்தினாள். கோணல் வெட்டு வெளிப்பக்கம் தெரிந்தது. அழைப்பு வரவே இல்லை. சுவரில் சாத்திய கம்பை உடையவர் தவிர யாரும் தொடக் கூடாது என்பதால் கம்பு அங்கேயே நின்றது.

ஆடியில் இன்னொரு பெண் வந்தாள். வடக்கு ஏரி மதகில் அவளுடைய மகன் வெள்ளத்தில் போய் ஒரு மாதமாகியிருந்தது. மதகின்மேல் அவன் பெயர்ப்பலகை ஆடிக்கொண்டிருந்தது. அவனும் பணியில்தான் இருந்தான். அவள் வீரபாகுவின் கம்புக்குப் பக்கத்தில் தன் மகனின் கம்பைச் சாத்தினாள். உமையாளிடம், "எம் மவனுக்கு மூணு வெட்டுதான்க்கா. சின்னப் பய" என்றாள். உமையாள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு களஞ்சியத்திலிருந்து வந்தார்கள். கலங்கரை விளக்கிலிருந்து வந்தார்கள். அப்பாவின் கம்பு, அக்காவின் கம்பு, கணவனின் கம்பு. யாரும் கோஷம் போடவில்லை. சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். பங்குனி முடிவதற்குள் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பாகிவிட்டது.

சித்திரை முதல் நாள் காலையில் உமையாள் முற்றத்துக்கு வந்தபோது வீரபாகுவின் கம்பில் கோணல் வெட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வெட்டு இருந்தது. நேரான வெட்டு. அடியில் மரத்தூள். அடுத்த கம்பிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"யாருண்ணே வெட்டுனது?" என்று காத்தமுத்துவிடம் கேட்டாள். தொட்டால் கை போகும் என்று இருவருக்கும் தெரியும்.

"கரையானா இருக்கும்" என்றார் அவர். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

வைகாசியில் அரியணை காலியிடமாக அறிவிக்கப்பட்டது. இம்முறை வேறு யாரும் கம்பு கொண்டுவரவில்லை. கொண்டுவர நினைத்திருந்தவர்கள் திடீரென்று தீர்த்த யாத்திரை போயிருந்தார்கள். ஒரே விண்ணப்பம் வந்தால் தேர்வு செல்லாது என்ற விதியை யாரோ நினைவூட்டினார்கள். "காவலர் விஷயத்தில் அது போட்டியின்மை. மன்னர் விஷயத்தில் அது ஒருமனம்" என்று அறவாழி விளக்கினார்.

குறித்த நாளில் முற்றம் நிறையக் கூட்டம். எட்டுப் பேர் சந்தனக் கம்பைச் சுமந்து வந்தார்கள். பின்னால் ஒருவன் குடை பிடிக்க, மன்னர் வந்தார். அப்போதுதான் சுவரில் இடமில்லை என்பதை அறவாழி கவனித்தார். சுவரின் நீளத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்தார். மூன்று ஆள் அகலம் வேண்டும். மூன்று விரல் அகலம்கூட இல்லை.

"இவற்றை நகர்த்துங்கள்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"உடையவர்கள் வந்து நகர்த்தட்டும்."

"சொல்லியனுப்பட்டுங்களா ஐயா?" என்றார் காத்தமுத்து, மிகப் பணிவாக. "எல்லாரும் வேலையிலதான் இருக்காங்க. ஆனா வாசல விட்டு நகரப்படாதுன்னு நம்ம உத்தரவு ஒண்ணு இருக்குதுங்களே."

அறவாழி பதில் தேடி ஓலைகளைப் புரட்டினார். இரண்டு முறை புரட்டினார். வெயில் ஏறியது. பொன் பூண் போட்ட கம்பு கனத்தது. சுமந்தவர்களில் ஒருவனுக்குத் தோள் நடுங்கியது. மன்னர் குடைக்குள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் எறக்கிக்குவோம்ப்பா" என்று ஒருவன் முணுமுணுக்க, எட்டுப் பேரும் குனிந்து அந்தக் கம்பைச் சுவரின் முன்னால் தரையில் படுக்க வைத்தார்கள்.

கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்தது.

அந்த நாட்டில் சுவரின் முன்னால் தரையில் கிடக்கும் கம்புக்கு ஒரே ஒரு பொருள்தான். அது எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. அதனால் எந்த ஓலையாலும் அதை நீக்க முடிந்திருக்கவில்லை.

உமையாளுக்கு மாசி மாதத்துக் காலை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆறு கம்புகள் கிடந்ததும், ஆறாவது முறை நிமிர அவன் தன் கையைப் பிடித்துக்கொண்டதும். அவள் கூட்டத்திலிருந்து விலகி முன்னால் வந்தாள். வீரபாகுவின் கம்புக்கு நேராக நின்றாள். பிறகு குனிந்து, சந்தனக் கம்பின் பக்கத்து மண்ணைத் தொட்டாள். அவளுக்குப் பின்னால் மதகுக் காவலனின் தாய் வந்து தொட்டாள். பிறகு அடுத்தவர். பிறகு அடுத்தவர். அவர்கள் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.

அன்று அரியணைக்கு யார் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை எழுதிய ஓலை எதுவும் கிடைக்கவில்லை. வரிசை எப்போது முடிந்தது என்பதும் தெரியவில்லை. முதலில் தொட்டவள் மட்டும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவள் வேப்ப வாசலுக்கும் திரும்பவில்லை. மதியத்துக்கு மேல் புழுதி வாசலில் ஒரு பெண் நின்று, வருகிறவர்களிடம் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள். அவளுக்கு மேலே பலகையில் வீரபாகு என்று எழுதியிருந்தது. சுண்ணாம்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. இடையிடையே அவள் இருமினாள்.